தார்: தரிசு என்று பெயர் வாங்கிய நிலம்

ஓர் ஆண்டில் பெய்யும் மழையைவிட, வெயிலும் காற்றும் சேர்ந்து உறிஞ்சக்கூடிய நீர் பல மடங்கு அதிகமாக இருக்கும் நிலமே பாலைவனம். ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பாலை என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. இந்தக் கணக்கில் மணலுக்கும் வெப்பத்துக்கும் இடமில்லை. அதனால்தான் பனி மூடிய அண்டார்க்டிகா உலகின் மிகப் பெரிய பாலைவனமாகவும், இமயத்துக்கு அப்பால் கிடக்கும் லடாக் குளிர்ப் பாலைவனமாகவும் கொள்ளப்படுகின்றன. வெப்பப் பாலைவனங்களிலும் மணல் மூடிய பகுதி சிறுபான்மைதான். பெரும்பகுதி கட்டாந்தரை, பாறை, சரளை.

தமிழ்நாட்டில் இந்த இலக்கணத்துக்குப் பொருந்தும் நிலம் இல்லை. கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ராஜஸ்தானின் மேற்கு ஓரத்தில் உள்ள ஜெய்சல்மேரில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். கள்ளக்குறிச்சிச் சீமையில் ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களில் பெய்துவிடும் அளவு அது. ஜெய்சல்மேரின் வெயிலும் காற்றும் உறிஞ்சத் தயாராக இருக்கும் நீரோ ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல். வரவைப் போலப் பத்து மடங்கு செலவுள்ள குடும்பம் எப்படிக் காலம் தள்ளும் என்ற கேள்விதான் அங்குள்ள செடிக்கும் விலங்குக்கும் மனிதனுக்கும் முன்னால் நிற்கிறது.

தார் பாலைவனம் ஏறத்தாழ 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பெரும்பகுதி இந்தியாவில், எஞ்சியது பாகிஸ்தானின் சிந்து, பஞ்சாப் மாகாணங்களில். கிழக்கு எல்லையாக ஆரவல்லி மலைத்தொடர். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பகுதிக்கு மேலேயேதான் போகிறது. ஆனாலும் மழை அதிகம் பெய்வதில்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஆரவல்லி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, அதாவது காற்று போகும் திசையிலேயே நீண்டு கிடப்பதால் அது ஈரக்காற்றைத் தடுத்து மேலே ஏற்றுவதில்லை என்பது பள்ளிப் பாடத்தில் வரும் காரணம். அது பாதிக் காரணம்தான். மேற்கிலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்று, ஈரக்காற்றின் மேல் ஒரு மூடியாகப் படர்ந்து மேகம் உயர்ந்து வளரவிடாமல் செய்கிறது. இந்த அகலக்கோட்டில் மேலிருந்து காற்று கீழிறங்கும் தன்மையும் சேர்ந்துகொள்கிறது. சகாராவையும் அரேபியாவையும் பாலையாக்கிய அதே இயக்கம் அது. வங்காள விரிகுடாவிலிருந்து கங்கைச் சமவெளி வழியாக வரும் மற்றொரு கிளை, இங்கே வந்து சேர்வதற்குள் தன் ஈரத்தை எல்லாம் வழியிலேயே கொட்டிவிடுகிறது.

மழை குறைவு என்பதைவிட மழையின் ஒழுங்கின்மைதான் தாரின் பெரிய சிக்கல். பெய்வதில் பெரும்பங்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. வெப்பமும் அப்படித்தான், இரு துருவங்களுக்கிடையே ஆடும். 2016 மே 19 அன்று ஃபலோடியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதே மண்ணில் தை மாத இரவுகளில் வெப்பம் உறைநிலையை எட்டிப்பிடிக்கும். ஈரமும் மேகமும் இல்லாத வானம் பகலில் வாங்கிய சூட்டை இரவில் தடுக்க ஆளில்லாமல் விட்டுவிடுகிறது.

மணற்குன்றுகளைக் காற்று கட்டுகிறது. மணல் துகள்கள் காற்றில் பறப்பதைவிடத் தரையில் துள்ளித் துள்ளிப் போவதே அதிகம். ஒரு புதரோ கல்லோ எதிர்ப்பட்டால் அங்கே குவியும். காற்று வரும் பக்கம் சாய்வு மெல்லியதாகவும், மறுபக்கம் 30 டிகிரிக்குச் சற்று மேல் செங்குத்தாகவும் இருக்கும். அந்தக் கோணத்துக்கு மேல் மணல் நிற்காது, சரியும். செடியே இல்லாத இடத்தில் குன்று பிறை வடிவம் எடுத்து, இரு கொம்புகளும் காற்று போகும் திசையைப் பார்த்திருக்க நகரும். தாரில் அதிகம் காணப்படுவது இதற்கு நேர்மாறான வடிவம்: கொம்புகள் காற்று வரும் திசையைப் பார்த்திருக்கும். ஓரங்களில் வேர்பிடித்த புல்லும் புதரும் மணலைப் பிடித்து நிறுத்த, நடுப்பகுதி மட்டும் முன்னேறுவதால் வரும் வடிவம் இது. இந்தக் குன்றுகளின் உருவத்தைப் பார்த்தே இது செடி உள்ள பாலைவனம் என்று சொல்லிவிடலாம். சுற்றுலாப் படங்களில் வரும் சாம் மணல்மேடுகளைப் போன்ற வெற்று மணல் அங்கே சிறு பகுதிதான்.

மணலுக்கு வெளியே தாரின் நிலக்காட்சி வேறு. ஜெய்சல்மேர் நகரமே மஞ்சள் சுண்ணக்கல் பீடத்தின் மேல் நிற்கிறது. அதற்கு அருகே ஆகல் என்ற இடத்தில் ஜுராசிக் காலத்து மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. காடும் அருகே கடலும் இருந்த நிலம் அது. ஆரவல்லியில் பிறக்கும் லூனி ஆறு பாலைவனத்தைக் குறுக்கே கடந்து கட்ச் உவர்நிலத்தில் மறைகிறது. மேல்பகுதியில் நன்னீராக ஓடுவது, பாலோத்ராவைத் தாண்டியதும் உப்பேறிவிடும். வெளியேற வழியில்லாத பள்ளங்களில் தேங்கும் நீர் ஆண்டுதோறும் ஆவியாகி உப்பை விட்டுச் செல்வதால் உண்டானவை திட்வானா, பச்சபத்ரா போன்ற உவர் ஏரிகள். பாலையின் கிழக்கு விளிம்பில் உள்ள சாம்பர், நாட்டின் மிகப் பெரிய உள்நாட்டு உவர் ஏரி. வடக்கே ஹனுமன்கட் பக்கம் கக்கர் ஆற்றின் கரையில் காலிபங்கான் இருக்கிறது. 1960களில் நடந்த அகழாய்வில் ஹரப்பா காலத்து ஊரோடு, உழுத சால் தடங்கள் கொண்ட வயலும் அங்கே வெளிப்பட்டது. இன்று கக்கர் மழைக்காலத்தில் மட்டும் ஓடி மணலில் வற்றிப்போகிறது.

செடிகளில் முதலிடம் வன்னிக்கு. எலவனாசூர்கோட்டைக்காரர்களுக்கு வன்னி புதிதல்ல. பக்கத்து விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் தலமரம் அது. இங்கே கோயில் பிராகாரத்தில் ஒற்றை மரமாக நிற்பது, அங்கே 'கேஜ்ரி' என்ற பெயரில் வயல்தோறும் நிற்கிறது. 1983 முதல் ராஜஸ்தானின் மாநில மரம். நிலத்தடி ஈரத்தைத் தேடி வேர் மிக ஆழமாக இறங்குவதால், மற்றவை காய்ந்து நிற்கும் கோடையிலேயே வன்னி துளிர்க்கும். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால் அதன் அடியில் விதைத்த கம்பு, திறந்த வெளியில் விதைத்ததைவிட நன்றாக வருகிறது. இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. 'சாங்ரி' என்னும் இளங்காய் உலர்த்தி வைத்து ஆண்டு முழுவதும் சமைக்கும் கறிகாய். 1899–1900 பெரும் பஞ்சத்தில் மக்கள் இதன் பட்டையை இடித்து மாவாக்கி உயிர் பிழைத்தார்கள்.

இந்த மரத்துக்காக உயிரே கொடுத்தவர்கள் உண்டு. ஜாம்போஜி 1485இல் தொடங்கிய பிஷ்னோய் மார்க்கத்தின் 29 நெறிகளில் பச்சை மரத்தை வெட்டாமையும் ஒன்று. 1730இல் ஜோத்பூர் அரசர் அபய் சிங்கின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாசலுக்கு விறகு வெட்ட கேஜர்லி கிராமத்துக்கு வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பெண்ணும் அவர் மகள்களும் மரத்தைக் கட்டிக்கொண்டு வெட்டுப்பட்டார்கள். மொத்தம் 363 பேர் மாண்டதாகப் பிஷ்னோய்கள் நினைவுகூர்கிறார்கள். பிஷ்னோய் ஊர்களின் வயல்களில் இன்றைக்கும் சிங்காரா என்னும் சிறு இரலைகளும் வெளிமான்களும் ஆளைக் கண்டு மிரளாமல் மேய்வதைப் பார்க்கலாம். வனத்துறையின் காவலைவிட இந்த ஊர்க் கட்டுப்பாடு அங்கே நன்றாக வேலை செய்கிறது என்றே சொல்ல வேண்டும்.

மற்ற செடிகள் வேறு வேறு உத்திகளைக் கையாள்கின்றன. கேர் என்ற முட்புதர் ஏறத்தாழ இலையே இல்லாமல், பச்சைத் தண்டாலேயே உணவு தயாரிக்கிறது. எருக்கு தன் இலைமேல் மெழுகு பூசிக்கொள்கிறது. சேவண் புல் வறட்சியில் காய்ந்து கட்டையாகி, ஒரு மழைக்கு மறுபடி தழைக்கிறது. வேறு பல சிறு செடிகள் ஆண்டில் பத்து மாதம் விதையாகவே கிடந்து, மழை விழுந்த சில வாரங்களில் முளைத்துப் பூத்து விதைத்து மடிகின்றன.

விலங்குகளின் முதல் உபாயம் பகலைத் தவிர்ப்பது. தரையின் மேல் கால் வைக்க முடியாத சூட்டிலும், அரை மீட்டர் ஆழத்து வளைக்குள் வெப்பம் அதிகம் மாறாது. பாலைவன எலிகள் பகலை அங்கே கழித்து இரவில் விதை பொறுக்குகின்றன. அவற்றைத் தேடிப் பாலைவன நரியும் பூனையும் சுருட்டை விரியனும் வருகின்றன. சுருட்டை விரியன் இளகிய மணலில் பக்கவாட்டாக வளைந்து ஊர்வதால் அதன் உடலில் சிறு பகுதியே சுடுமணலைத் தொடுகிறது. முள்வால் பல்லி இலை தின்னும் விலங்கு. பல்லி இனத்தில் இது அபூர்வம். வல்லூறு, கழுகு, நரி என்று பலவற்றுக்கும் அதுவே இரை. கல்கௌதாரியின் ஏற்பாடு இன்னும் விசேஷமானது: ஆண் பறவை நீர்நிலைக்குப் பறந்துபோய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு, அந்த ஈரத்தைக் குஞ்சுகள் உறிஞ்சும்படி கூட்டுக்குச் சுமந்து வருகிறது.

ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. திமிலில் இருப்பது கொழுப்பு. உடல் முழுவதும் படியாமல் ஒரே இடத்தில் சேர்வதால் மற்ற பாகங்களிலிருந்து வெப்பம் எளிதில் வெளியேறும். ஒட்டகம் நீரைச் சேமிப்பதைவிட அதைச் செலவழிக்காமல் இருப்பதில்தான் கெட்டி. பகலில் உடல்வெப்பம் 40 டிகிரி வரை ஏறவிட்டு, இரவில் 34 வரை இறங்கவிடும். அவ்வளவுக்கும் வியர்வை சிந்துவதில்லை. உடல் எடையில் கால் பங்கு அளவு நீரை இழந்தாலும் தாங்கும். தண்ணீர் கிடைத்தால் கால் மணி நேரத்தில் 100 லிட்டர் குடித்துவிடும். முட்டை வடிவ இரத்தச் சிவப்பணுக்கள் அந்தத் திடீர் வெள்ளத்தில் வெடிக்காமல் தாக்குப்பிடிக்கின்றன.

குளிர்காலத்தில் வரும் விருந்தாளிகளும் உண்டு. ஃபலோடி அருகே கீச்சன் என்ற சிற்றூருக்கு மத்திய ஆசியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் 'குர்ஜா' என்னும் சிறு கொக்குகள் வந்து இறங்குகின்றன. ஊரார் பல தலைமுறையாக அவற்றுக்குத் தானியம் இறைக்கிறார்கள். 2025இல் இந்த ஊர் நீர்நிலைகள் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

உலகின் பாலைவனங்களில் மக்கள் மிக நெருக்கமாக வாழ்வது தாரில்தான். அதைச் சாத்தியமாக்கியவை சிறு நீர்க்கட்டுமானங்கள். 'டாங்கா' என்பது முற்றத்திலோ வயலிலோ தரைக்கடியில் கட்டிய தொட்டி. அதைச் சுற்றிச் சரிவாக மெழுகிய தரை மழைநீரை அதற்குள் இறக்கும். அதைவிட நுட்பமானது 'கடீன்'. ஜெய்சல்மேர் பகுதியின் பாலிவால் பிராமணர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் வளர்த்தெடுத்த முறை இது. பாறைச் சரிவின் அடிவாரத்தில் நீண்ட மண்கரை போட்டு மழைநீரை மறிப்பார்கள். கள்ளக்குறிச்சி ஏரிகளில் நீர் கரைக்கு உள்ளே, பயிர் கரைக்கு வெளியே. கடீனில் பயிரும் உள்ளேதான். தேங்கிய நீர் ஐப்பசி வாக்கில் மண்ணுக்குள் இறங்கியதும், அந்த ஈரத்தை நம்பியே கோதுமையும் கடலையும் விதைத்து விளைவிப்பார்கள். நீர் கீழ்நோக்கி இறங்குவதால் உப்பு மேலே வராது. மழை நன்றாக இருந்தால் மேட்டில் கம்பு, நரிப்பயறு, கொத்தவரை. இல்லாவிட்டால் மந்தையை ஓட்டிக்கொண்டு வேறு சீமைக்குப் போவது. ஊர்தோறும் 'ஓரண்' என்ற சாமிக்காடு, பஞ்சகாலத்து மேய்ச்சலுக்குக் கைவைக்காமல் விடப்பட்டிருந்தது.

இந்த ஏற்பாடுகளில் பல அரசாங்கப் பதிவேட்டில் ஏறவில்லை. மேய்ச்சல் நிலமும் ஓரணும் பல இடங்களில் 'தரிசு' என்றே குறிக்கப்பட்டன. கடந்த எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாருக்கு நேர்ந்த பெரும் மாற்றங்கள் பலவும் இந்த ஒரு சொல்லிலிருந்து கிளைத்தவை. பயனில்லாத நிலம் என்று தீர்மானித்தபின், அதைப் பயனுள்ளதாக்குவது கடமையாகிவிடுகிறதே.

முதலில் வந்தது மரம். தமிழகக் கண்மாய்களை அடைத்து நிற்கும் அதே சீமைக்கருவேலத்தை, 1940இல் ஜோத்பூர் அரசு 'அரச மரபுச் செடி' என்று அறிவித்து வளர்க்கச் சொன்னது. விறகு கிடைத்தது, புல்வெளி போனது. பிறகு 1952இல் ஜோத்பூரில் தொடங்கிய பாலைவனக் காடுவளர்ப்பு நிலையம், 1959இல் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. நகரும் மணலில் சுள்ளி வேலிகளைக் கட்டம் கட்டமாக நட்டுக் காற்றை உடைத்து, இடையே மரக்கன்றும் புல்லும் வைத்துக் குன்றுகளை நிறுத்தும் முறையை அது வகுத்தது. சாலைகளையும் ரயில் பாதைகளையும் ஊர்களையும் மணலிலிருந்து காத்த நல்ல வேலை அது.

அடுத்து வந்தது தண்ணீர். பஞ்சாபில் சட்லஜும் பியாஸும் கூடும் இடத்தருகே ஹரிக்கேயில் தொடங்கும் ராஜஸ்தான் கால்வாய்க்கு 1958இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1984இல் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. ஊட்டுக் கால்வாயும் சேர்த்து 649 கிலோமீட்டர் நீளம். கங்காநகர், பிக்கானேர், ஜெய்சல்மேர் பகுதிகளில் கோதுமையும் பருத்தியும் கடுகும் விளைந்தன. குடிநீருக்குப் பல கல் தொலைவு நடந்த பெண்களின் சுமை குறைந்தது. இதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆனால் பல இடங்களில் மணலுக்குச் சில மீட்டர் கீழே ஜிப்சமும் களியும் இறுகிய தளம் இருந்தது. பாய்ச்சிய நீர் அதற்குக் கீழே இறங்காமல் தேங்கி, மேலெழும்பி, ஆவியாகி, உப்பை மேலே விட்டது. வயல்கள் உவர்ச் சதுப்பாயின. கடீன் தவிர்த்த அதே தீங்கை கால்வாய் வரவழைத்துக்கொண்டது. தேங்கிய நீரில் மலேரியாக் கொசு பெருகியது. 1994இல் மேற்கு ராஜஸ்தானில் மலேரியா கொள்ளைநோயாகவே பரவியது. டிராக்டரும் சாலையும் வந்தபின் ஒட்டகத்தின் தேவையும் சுருங்கியது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019இல் 2.5 லட்சமாயின. ஒட்டகத்தைக் காக்க 2015இல் ராஜஸ்தான் கொண்டுவந்த சட்டம், வெளிமாநிலத்துக்கு விற்பதைக் கட்டுப்படுத்தியதால் சந்தையில் விலை சரிந்து, ராயிக்கா என்னும் ஒட்டக வளர்ப்பாளர்களே அதை எதிர்த்தார்கள்.

இப்போது வந்திருப்பது சூரிய மின்சாரம். பட்லா சூரியப் பூங்கா மட்டும் 2,245 மெகாவாட் திறன் கொண்டது. நிலக்கரியைக் குறைக்க இது தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பலகைகளுக்காக வன்னி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து பிக்கானேர்ப் பகுதியில் பிஷ்னோய்கள் மீண்டும் போராட வேண்டியிருக்கிறது. மின்கம்பிகளின் விலையைக் கொடுப்பது கானமயில். 15 கிலோ வரை எடை வரும் இந்தப் பெரும்பறவைக்கு நேர் முன்னால் பார்க்கும் திறன் குறைவு. கம்பி கண்ணில் பட்டாலும் சட்டென்று திரும்ப முடியாது. பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான், அதுவும் வெறுந்தரையில். ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட புல்வெளிகளிலும் திரிந்த கானமயில், இப்போது நாடு முழுவதும் ஏறத்தாழ 150 மட்டுமே. அதில் பெரும்பங்கு ஜெய்சல்மேரை ஒட்டி. 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவனத் தேசியப் பூங்காவும் அங்கேதான் இருக்கிறது. 2021இல் உச்ச நீதிமன்றம் மின்தடங்களைப் பூமிக்கடியில் பதிக்க உத்தரவிட்டது. செலவும் நடைமுறைச் சிக்கலும் சுட்டிக்காட்டப்பட்டபின் 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. சாம், ராம்தேவ்ரா வளர்ப்பு மையங்களில் பறவைகள் பெருக்கப்படுகின்றன; 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பொரித்தது.

தமிழ்நாட்டில் தாருக்கு மிக அருகில் வரும் நிலம் தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காடு. திருச்செந்தூர், சாத்தான்குளம், குதிரைமொழி வட்டாரங்களில் செக்கச் சிவந்த மணற்குன்றுகள் கடலோரத்தை ஒட்டிக் கிடக்கின்றன. மணல் துகள்களைப் போர்த்தியிருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. கடல்மட்டம் இன்றைவிடத் தாழ்ந்திருந்த கடைசிப் பனியூழியிலும் அதற்குப் பிந்திய காலத்திலும் காற்று குவித்த மணல் அது. நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே நுண்கற்கருவிகளைக் கண்டார்; 1956இல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் அவற்றைப் பற்றி விரிவாக எழுதியபின் 'தேரிப் பண்பாடு' என்ற பெயர் தொல்லியலில் நிலைத்தது. மழைக் கணக்கில் தேரி பாலைவனம் ஆகாது; தாரின் மேற்கு ஓரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு மழை இங்கே உண்டு. ஆனால் பெய்த நீர் நிமிடங்களில் மணலுக்குள் இறங்கிவிட, மேற்பரப்பு வறண்டே இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்கள் வழியே வரும் காற்று மணலைக் கிளப்புகிறது.

இறங்கிய நீர் வீணாவதில்லை. தேரியின் விளிம்புகளில் அது சுனையாகக் கசிகிறது. மேலப்புதுக்குடி அருகே தேரிக்குள் இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் அப்படியொரு சுனையை ஒட்டியது. பனையும் குடைபிடித்தாற்போல் விரியும் உடைமரமும் இங்கே வன்னியின் இடத்தை வகிக்கின்றன. உடன்குடிக் கருப்பட்டியின் பேர் இந்தப் பனங்காடுகளால் வந்தது. நகரும் மணலை நிறுத்தப் பனையும் முந்திரியும் வேறு மரங்களும் நடப்பட்டுப் பெரும்பகுதி இப்போது நிலைபெற்றுவிட்டது. குதிரைமொழித் தேரி காப்புக்காடாக இருக்கிறது. தேரி மணலில் இல்மனைட் என்னும் டைட்டானியக் கனிமம் உண்டு. அதை எடுத்துத் தொழிற்சாலை நடத்த டாடா ஸ்டீல் நிறுவனம் சாத்தான்குளம் பகுதியில் பெருமளவு நிலம் வாங்கத் திட்டமிட்டது. 2007இல் திட்டம் சூடுபிடித்தபோது 'வெறும் மணல்தானே' என்ற வாதம் இங்கும் எழுந்தது. பனையையும் கிணற்றையும் நம்பிய ஊர்களும் அரசியல் கட்சிகளும் எதிர்த்ததால் திட்டம் நிறைவேறவில்லை.